தாகத்தை அடக்கியவள்

தையல் கூடத்தில் அவளுக்குக் கடிகாரம் என்று பெயர். வைத்தவள் பக்கத்து மெஷினில் பாக்கெட் தைக்கும் வாயாடி. "சுவத்துல இருக்கறது அடிக்கடி நின்னு போகுதுடி. இனிமே இவளப் பாத்தே நேரத்தத் தெரிஞ்சுக்கலாம்" என்று ஒருநாள் சொல்ல, கூடமே சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

சட்டைக்குக் காலர் வைப்பது அவள் வேலை. சட்டையிலேயே வம்பு பிடித்த இடம் அதுதான். துணி இம்மி நகர்ந்தாலும் கழுத்து கோணிக்கொள்ளும். செக்கிங் மேஜையிலிருந்து திரும்பி வந்து மடியில் விழும். அவள் தைத்தது அப்படித் திரும்பி வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது: லைன் சூப்பர்வைசர் ஆகவேண்டும். கூடுதல் சம்பளமெல்லாம் அப்புறம். ஒருநாள் சூப்பர்வைசர் ஒருவன், அவளைவிட வயதில் சின்னவன், தைத்துக்கொண்டிருந்த சட்டையை அவள் கையிலிருந்து பிடுங்கி, "மூளைய வீட்லயே கழட்டி வெச்சுட்டு வந்தியா?" என்று கத்தினான். தப்பு அவளுடையதல்ல, துணி வெட்டிய பிரிவுடையது. அது தெரிந்த பிறகும் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டையை மேஜையில் எறிந்துவிட்டுப் போனான். அன்று மனதில் விழுந்த விதை. மெஷினில் உட்கார்ந்து முதுகு ஒடிந்தவள் ஒருத்தி அவன் நிற்கும் இடத்தில் நிற்கவேண்டும். அது தானாக இருக்கவேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஒரு பேச்சாளரைக் கூட்டி வந்தது. சாப்பாட்டு நேரத்தைப் பாதியாக வெட்டி எல்லாரையும் தரையில் உட்காரவைத்தார்கள். கோட்டுப் போட்ட மனிதர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு மேலும் கீழும் நடந்தார்.

"உங்க லட்சியத்துக்குக் குறுக்க நிக்கிற ஒரே ஒரு பழக்கத்தக் கண்டுபிடிங்க. டிவியா இருக்கலாம், போனா இருக்கலாம், நொறுக்குத் தீனியா இருக்கலாம். இன்னைக்கே விடுங்க, தினமும் விடுங்க. மனசு கெஞ்சும். இரக்கப்படாதீங்க!"

வாயாடி அவள் காதைக் கடித்தாள். "நான் என் புருஷனத்தான்டி விடணும். தினமும் விடணுமாமே, ஒரு தடவ விட்டாப் பத்தாதா?"

கடிகாரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அதை மனதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். எதை விடுவது? டிவி என்றோ பழுதாகி மூலையில் துணி மூடிக் கிடந்தது. போன் எழுப்பிவிடுவதற்கு மட்டும். நொறுக்குத் தீனி கண்ணில் பட்டே நாளாயிற்று. விடியுமுன் எழுந்து, சமைத்து, துவைத்து, ஓடி வந்து மெஷினில் உட்காருகிறவளிடம் விடுவதற்கு என்ன இருக்கும்? அந்தக் கோட்டுக்காரருக்கு இது தோன்றியிருக்க வழியில்லை. அவள் தேடித் தேடிக் கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். மெஷினை விட்டுத் தன்னை எழுப்புவது எது? கழிப்பறை ஒன்றுதான். கழிப்பறைக்குப் போக அனுமதிச் சீட்டு மாதிரி, ஒரு லைனுக்கு ஒரே ஒரு மர வில்லை. சூப்பர்வைசர் மேஜையில் கேட்டு வாங்கவேண்டும். ஒருத்தி திரும்பினால்தான் அடுத்தவள் போகலாம். போய் வருவதற்குள் மேஜையில் சட்டைகள் மலையாகக் குவிந்திருக்கும்.

தண்ணீரை விட்டாள்.

மறுநாளிலிருந்து தண்ணீர்ப் புட்டி வீட்டிலேயே இருந்தது. முதலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பஞ்சுத் தூசி தொண்டையில் போய் அமர்ந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு தைத்தாள். உடம்பு கெஞ்சியது, இரக்கப்படவில்லை. போகப் போக உடம்பு கேட்பதையே நிறுத்திக்கொண்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். வாழ்க்கையில் அவள் சொன்னபடி கேட்ட முதல் ஆள் அவள் உடம்புதான்.

"ஏண்டி, உனக்கெல்லாம் வரவே வராதா? மனுஷிதானா நீ?" என்று வாயாடி கேட்டாள். அவளோ புட்டி புட்டியாகக் குடித்துவிட்டு மரவில்லையோடு அலைகிறவள். அதற்காகத் திட்டு வாங்காத நாள் இல்லை.

"பழகிக்கிட்டேன்."

"இதெல்லாம் ஒரு பழக்கமாடி?"

ஒருநாள் மேனேஜர் அவளை எழுந்து நிற்கச் சொல்லி எல்லாரையும் கைதட்டச் சொன்னார். "உக்காந்தா எழுந்திரிக்காத ஆளு. இவங்க மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும்." அடுத்த சூப்பர்வைசர் இடம் அவளுக்குத்தான் என்றும் சொன்னார்.

அந்த இடம் காலியாக வருஷங்கள் ஆயின. அதற்குள் அடிவயிற்றில் எரிச்சல் வந்தது. காய்ச்சல் வந்து போனது. இடுப்பில் யாரோ கத்தியைச் செருகித் திருகுவதுபோல வலி வந்தது. மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கினாள். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் புருஷன், "டாக்டர்கிட்டப் போலாம், வா" என்பான்.

"இப்ப லீவு போட்டா பேரு கெட்டுப்போகும். போஸ்ட் வரட்டும்."

கால் வீங்கியது. சொந்தச் செருப்பு நுழையாமல், புருஷனின் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். பார்த்து வாயாடி சிரித்தாள். பிறகு காலைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது.

ஒருவழியாக இடம் காலியானது. திங்கட்கிழமையிலிருந்து நீங்கள்தான் என்று மேனேஜர் அழைத்துச் சொன்னார். அந்த அறையிலிருந்து திரும்பும் வழியிலேயே, மெஷின்களுக்கு நடுவில், அவள் விழுந்தாள்.

"ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சு" என்றார் டாக்டர். "தண்ணியே குடிக்க மாட்டாங்களா?"

"வேலையில அவ்ளோ கெட்டி சார் அவ. உக்காந்தா எழுந்திரிக்கவே..." என்று பெருமையாக ஆரம்பித்த புருஷன், தன் பேச்சு தன் காதில் விழுந்ததும் பாதியில் நிறுத்திவிட்டான். பெயின்ட் காய்ந்த விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டான்.

இனி வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். அவள் மேனேஜரைப் பார்க்கப் போனாள். "அந்த ரெண்டு நாள் மட்டும் விடுங்க சார். மத்த நாளெல்லாம் சேத்துப் பாத்துடறேன்."

அவர் கெட்டவர் இல்லை. நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். அந்த டீயைக் குடிக்கக்கூட டாக்டர் அவளை அனுமதிக்கவில்லை. "ரெண்டு நாள் லைன யாரு பாப்பாம்மா? மொதல்ல உடம்பப் பாருங்க" என்றார். டீ ஆடை கட்டி ஆறியது. இடம் வாயாடிக்குப் போனது. அவள் லீவே போடாதவளாம்.

டயாலிசிஸ் எடுக்கிறவர்கள் தண்ணீர் அளவாகத்தான் குடிக்கவேண்டும். உடம்பிலிருந்து நீர் வெளியேற வழியில்லை. ஆஸ்பத்திரியில் கூடப் படுத்திருப்பவர்கள் நர்சுக்குத் தெரியாமல் குழாயடிக்குப் போய் மாட்டிக்கொள்வார்கள், அழுவார்கள், சண்டை போடுவார்கள். இவள் மட்டும் கொடுத்ததைக் குடித்துவிட்டுக் கிடப்பாள். "உங்க கட்டுப்பாடு யாருக்கும் வராதுக்கா" என்றாள் நர்ஸ். மற்றவர்களிடமும் அவளைக் காட்டிச் சொன்னாள். அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்பு பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது எதற்கு?

வாயாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். பழங்கள் வாங்கி வந்திருந்தாள். அதில் பாதி அவள் சாப்பிடக் கூடாதவை. கட்டிலின் ஓரத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தாள்.

"உன் எடத்தப் புடுங்கிட்டேன்னு நெனைக்கிறியாடி?"

"சே. வேற எவனாவது வந்திருப்பான். நீ வந்தது நல்லது."

"என்ன நல்லது. தொண்டத் தண்ணி வத்தக் கத்தறேன். மேனேஜர் என் தல மேல ஏறி நிக்கிறாரு, நான் அதுங்க தல மேல ஏறி நிக்கிறேன்." சொல்லிவிட்டுப் பழைய வாயாடியாகவே ஒருமுறை சிரித்தாள்.

"காலருக்கு யாரு இப்ப?"

வாயாடியின் முகம் மலர்ந்தது. "புதுசா ஒரு பொண்ணு. தங்கம்டி! கல்யாணத்துக்கு முன்னாடியே சூப்பர்வைசர் ஆகணுமாம். காலையில உக்காந்தா சாயங்காலம்தான் எழுந்திரிக்கிறா. உன்னப் பத்திக் கதகதையாக் கேப்பா. நானும் சொல்லுவேன்."

"என்ன சொன்ன?"

"நீ எப்படி வேல பாப்பேன்னு."

"இப்ப எப்படி இருக்கேன்னு சொன்னியா?"

வாயாடி புடவை நுனியை விரலில் சுற்றினாள். "சொல்லணும்னுதான் இருக்கேன்" என்றாள். "இந்த ஆர்டர் ஒண்ணு முடியட்டும்டி. அவ எழுந்திரிச்சா லைனே நின்னுடும்."