சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மரக்காணம் உப்பளத்தில்

கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் ஊர் பொம்மையார்பாளையத்துக்காரர்களுக்கு. அப்பா மீன் வண்டி ஓட்டுகிறார். ஈ.சி.ஆரில் அவர் விபத்து பார்க்காத வாரமே இல்லை. இன்னொரு முறை அந்த ரோட்டில் என்னைப் பார்த்தால் சைக்கிளை விற்றுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். சைக்கிள் போனால் ரேஸில் சேரும் ஆசையும் அவ்வளவுதான். இருந்தாலும், என்னைப் போல அங்கே போக நினைக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

இன்று காலை ஐந்தரைக்கு, ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இருபத்தாறு கிலோமீட்டர். பள்ளியில் கொடுத்த சைக்கிள்தான், கியர் கிடையாது. வழியில் டீயும் இரண்டு வடையும் முப்பது ரூபாய். ஏழே முக்காலுக்கு உப்பளம்.

போனது ரேவதி அக்காவைப் பார்க்க. சைக்ளோ கிராஸில் மூன்று முறை சாம்பியன். சேற்றிலும் மணலிலும் ஓட்டும் ரேஸ் அது. ஓட்ட முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும்.

உப்புப் பாத்தி வரப்பில் சக்கரத்தை ஏற்றியதுமே, உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மா அதட்டினார்.

“எறங்கும்மா, எறங்கு. வரப்பு ஒடஞ்சிடும். தூக்கினு நட.”

தூக்கினேன். நாலாவது அடியில் வழுக்கி, சைக்கிளோடு உப்புத் தண்ணீரில் விழுந்தேன்.

“அத நீ தூக்குறியா, ஒன்ன அது தூக்குதா?” என்று சிரித்தபடி வந்து கை கொடுத்தவர்தான் ரேவதி அக்கா.

அவர் பழகியதே இந்த வரப்புகளில்தான். ஆறாம் வகுப்பிலிருந்து, இங்கே வேலை செய்த அம்மாவுக்குச் சோறு கொண்டுவருவாராம். சைக்கிளைத் தூக்காமல் பாத்திக்குப் போக முடியாது. முதல் ரேஸில் கடைசியாகப் போய்க்கொண்டிருந்தவர், தூக்கிக்கொண்டு ஓடும் இடத்தில் மட்டும் ஆறு பேரைத் தாண்டியிருக்கிறார். பிறகு மூன்று வருடம் யாராலும் அவரை முந்த முடியவில்லை. நாலாவது வருடம் முழங்கால் போய்விட்டது. இப்போது இரண்டு பெண்களைத் தயார் செய்கிறார். என்னையும் சேர்ப்பாராம், ஆனால்...

“நான் சொல்லாம ரேஸுக்குப் போய், எங்கப்பா ராத்திரி பூரா தேடினாரு. அந்த வேல வேணாம். அப்பா கையெழுத்தோட வா.”

அக்கா கொடுத்த ஃபாரம் நோட்டுக்குள் இருக்கிறது. எப்படிக் கேட்பது?

போகிறவர்களுக்கு: இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். நிழலே கிடையாது, ஒன்பதுக்குள் கிளம்பிவிடுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தால் செயின் வெள்ளையாகப் பூத்துவிடும்.

நான் கழுவவில்லை. சைக்கிள் வாசலில் நிற்கிறது. அப்பாவின் வண்டி வந்து அரை மணி நேரம் ஆகிறது.

கதவு தட்டும் சத்தம். அப்பா.

“முழிச்சினுதான இருக்க? செயின்ல உப்பு பூத்துக் கெடந்துது. கழுவிட்டேன். எண்ணெய் எங்க வெச்சிருக்க?”

ஃபாரத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போகிறேன்.