எழுத்தை விட்ட மாமா

என் மாமா எழுத்தை விட்டுவிட்டார் என்று எங்கள் தெருவுக்குத் தெரியவந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். குடியை விட்டார், சீட்டாட்டத்தை விட்டார் என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எழுத்தை விட்டதற்கு எப்படி விசாரிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. கம்பத்தில் எங்களோடுதான் இருந்தார். ஸ்ப்ரே டப்பாக்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்க் கண்ட சுவரிலெல்லாம் எழுதுவார். கட்சிக்காகவோ கடைக்காகவோ அல்ல. மூடிக்கிடந்த அரிசி ஆலைச் சுவரில் ஆளுயரத்துக்கு ‘சாப்டியா’. ஆற்றுப்பாலத்துக்கு முந்தின வளைவில் ‘மெதுவா’. எழுத்துகள் ஊதிப் பெருத்து, ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டு நிற்கும். உற்றுப் பார்த்தால்தான் வாசிக்க முடியும். உத்தமபாளையம் பஸ்ஸில் போகும்போது நான்தான் முதலில் வாசித்துக் கத்துவேன். ஆரம்பத்தில் திட்டியவர்களே பிறகு வீடு தேடி வந்து, “எங்க சுவத்துலயும் ஒண்ணு எழுதச் சொல்லுங்க” என்று கேட்டார்கள்.

அப்புறம் அந்த எழுத்துகளுக்கு ஏதோ ஆகிவிட்டது. கால்கள் நீண்டன, சுழிகள் அவிழ்ந்தன. என்னாலேயே வாசிக்க முடியவில்லை. ஒருநாள் மாமா சுவரையே விட்டுவிட்டு, எங்கள் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் பெரிய பெரிய துணிகளை இழுத்துக் கட்டிப் பெயின்ட் பூச ஆரம்பித்தார். அவற்றில் ஓர் எழுத்துகூட இல்லை.

“யாரோ என்னமோ பண்ணிப்புட்டாக ஆத்தா, வீரபாண்டிக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ” என்று பக்கத்து வீட்டு அத்தை அம்மாவைக் கலக்கிவிட்டாள். அம்மா கூட்டிப்போனாள். மாமா சமர்த்தாகத் திருநீறு பூசிக்கொண்டு திரும்பி வந்து, நேரே மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார்.

தம்பிக்கு எழுத்தே மறந்துபோய்விட்டதோ என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. என் பள்ளிக்கூட லேபிள்களைக் கொடுத்து என்னை அனுப்பினாள். மாமா என் பெயரை முத்து முத்தாக எழுதிவிட்டு, “உங்கம்மா அனுப்புச்சாக்கும்?” என்று சிரித்தார். லேபிளைப் பார்த்ததும் அம்மாவின் பயம் இரட்டிப்பானது. எழுதத் தெரிந்தும் எழுதவில்லை என்றால் அது இன்னும் பெரிய வியாதி அல்லவா?

இந்த நிலையில்தான், அந்தத் துணிகளைக் கொச்சியில் ஒரு ஹாலில் மாட்டிக் கண்காட்சி வைக்கப் போகிறார்கள் என்றார் மாமா. அப்பா உரக்கடையை அடைத்துவிட்டு ஒரு கார் பிடித்தார். குமுளி வழியாக எல்லோரும் போனோம்.

வெள்ளைச் சுவர், ஏசி குளிர், குசுகுசுவென்று பேசும் ஆட்கள். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சிவப்புத் துணியின் முன் நின்றார்.

“மாப்ள, இதுல எது மேல்பக்கம்?”

“இப்ப இருக்குற மாதிரியேதான் மச்சான்.”

அப்பா தலையாட்டினார். நான் எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் ‘ழ’ போல ஒரு வளைவு தெரிந்தது. அதன் பின்னாலேயே போனேன். அது நீலத்துக்குள் நுழைந்து காணாமல் போனது.

அப்போதுதான் அம்மாவின் குரல் கேட்டது. “ஏலே, இங்கன வா.”

அம்மா ஒரு சாம்பல் நிறத் துணியின் முன் நின்றிருந்தாள். மாமா பக்கத்தில் போனார்.

“இது அம்மா செத்த அன்னைக்குப் பேஞ்ச மழதானடா?”

மாமா துணியின் ஓரத்தைத் தொட்டார்.

“நீ அப்ப நடக்கக்கூட ஆரம்பிக்கல. என் இடுப்புலதான இருந்த. உனக்கு எப்படிடா...”

“தெரியலக்கா. சுவத்துல எத்தனையோ தடவ எழுதிப் பாத்தேன். வரல.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஹாலில் இருந்த ஒரு மலையாளத்து அம்மா நாற்காலியை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, “இரிக்கு சேச்சி” என்றார். அம்மா எழுந்திருக்கவில்லை. மாமாவும் அவளருகில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

நான் அந்தத் துணியைப் பார்த்தேன். சாம்பல். தள்ளி நின்று பார்த்தேன். சாம்பல். குனிந்து பார்த்தபோது கீழே ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. ஒரு சொட்டு மழை இல்லை. அப்பாவும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகமும் என் முகம் போலத்தான் இருந்தது.

திரும்பி வரும்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இத்தனை பேர் கூடியிருக்கும் இடத்தில் தம்பியின் மனசு நோகக்கூடாதென்று அம்மா ஒரு மழையை இட்டுக்கட்டியிருக்கிறாள். அதற்குக் கண்ணீரைக்கூட வரவழைத்துக்கொண்டாளே என்று அசந்துபோனேன்.

குமுளி மலை இறங்கும்போது மாமா அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் காதருகில் போய், “நல்லா நடிச்சம்மா” என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், என் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, “தூங்கு ஆத்தா” என்றாள்.

யாரிடமும் சொல்லிவிடாதே என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.