‘வெளிப்படை’ என்று எழுதிய இடம்

மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘ஏன் டீச்சர்’. விடைத்தாளில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குக் காரணம் சொல்லாமல் தாவினால், ஓரத்தில் சிவப்பு மையில் ‘ஏன்?’ என்று எழுதி மதிப்பெண்ணை வெட்டிவிடுவாள். கெஞ்சினாலும் மசிய மாட்டாள்.

தனியார் கல்லூரி ஒன்றில் பகலெல்லாம் கணிதம் நடத்திவிட்டு, மிச்சம் கிடைத்த நேரத்தில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதியவள். பட்டம் இல்லாதவர்களுக்கு இந்தப் பருவத்தோடு வேலை இல்லை என்று கல்லூரி சொல்லிவிட்டது. இன்று பதினோரு மணிக்கு வாய்மொழித் தேர்வு.

கணவரோடு முன்னதாகவே தேர்வு அறைக்கு வந்துவிட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

“இத்தனை வருஷமா நீ என்னதான் பண்ணினேன்னு இன்னைக்காவது எனக்குப் புரியுமா?”

“புரியும். சின்ன உதாரணம் ஒண்ணோட ஆரம்பிக்கச் சொல்லியிருக்கார் கைடு. உங்ககிட்ட ஒருதரம் சொல்லிப் பார்க்கிறேன்.” சாக்பீஸை எடுத்தாள். “பின்ன எண்கள் எல்லாம் தரைத்தளம்னு வச்சுக்குங்க. இரண்டோட வர்க்கமூலம் அங்க கிடையாது. அதைச் சேர்த்தா முதல் மாடி. அந்த வர்க்கமூலத்துக்கே ஒரு வர்க்கமூலம் எடுத்துச் சேர்த்தா ரெண்டாவது மாடி.”

“லிஃப்ட் இருக்கா?”

“இருக்கு, ரிப்பேர். பேசாம கேளுங்க. ஒவ்வொரு மாடியிலயும் புதுசா வந்த எண்ணையும் அதோட மைனஸையும் இடம் மாத்தலாம். மாத்தினாலும் கூட்டல் பெருக்கல் எதுவும் கெடாது. அதைத்தான் சமச்சீர்னு சொல்றோம். முதல் மாடியில பண்ணின மாற்றத்தை அப்படியே உச்சி வரைக்கும் ஏத்திடலாம். அதுதான் என் மூணாவது அத்தியாயத்து லெமா, துணைத்தேற்றம்; பின்னாடி வர்ற அத்தியாயமெல்லாம் அது மேலதான் நிக்குது.”

ஏற்றிக் காட்டத் திரும்பினாள். முதல் மாடியில் இரண்டின் வர்க்கமூலம் மைனஸாக மாறுகிறது. அப்படியானால் மேலே, எதை வர்க்கம் செய்தால் அந்த வர்க்கமூலம் வருமோ, அது போய் உட்கார வேண்டிய இடத்தின் வர்க்கம் மைனஸாக இருக்க வேண்டும். மேல் மாடியில் இருப்பதெல்லாம் மெய்யெண்கள். எந்த மெய்யெண்ணை வர்க்கம் செய்தாலும் மைனஸ் வராது.

சாக்பீஸ் பலகையிலேயே நின்றது. இன்னொருமுறை எழுதிப் பார்த்தாள். இடம் இல்லை.

பையிலிருந்து ஆய்வேட்டை உருவி மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டினாள். ‘ஒவ்வொரு படியும் சமச்சீர் உடையது, ஆகவே முழுக் கோபுரமும் சமச்சீர் உடையது என்பது வெளிப்படை.’ ஏடு முழுவதிலும் அவள் காரணம் எழுதாமல் விட்ட ஒரே இடம்.

“என்னம்மா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?”

அவள் பதில் சொல்வதற்குள் அவளுடைய கைடு, ஆய்வு நெறியாளர், உள்ளே வந்தார். ஒரு காலத்தில் அவளிடமே படித்தவர்; நாலு பேர் முன்னால் ‘மேடம்’ என்பார், தனியாக இருந்தால் ‘டீச்சர்’. பலகையைப் பார்த்தார். புரிய அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கதவைச் சாத்தினார்.

“டீச்சர், அதை அழிங்க. வேற உதாரணம் போட்டுக்கலாம்.”

“உதாரணம் சரி தம்பி. லெமாதான் தப்பு.”

“ரெண்டு தேர்வாளருங்க படிச்சு ஓகே பண்ணிட்டாங்க. யார் கண்ணுலயும் படல. இன்னைக்குப் பட்டத்தை வாங்கிடுங்க, அச்சுக்குப் போறப்ப திருத்திக்கலாம். உங்க வேலையை நினைச்சுப் பாருங்க.”

“அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்.”

“என் பேரும் இதுல இருக்கு டீச்சர்.” குரல் இறங்கிவிட்டது. அவரும் பயந்துபோயிருந்தார்.

வெளியே செருப்புச் சத்தம். அவளே பலகையை அழித்தாள்.

வெளித் தேர்வாளர் சிரிக்காத அம்மாள். பிளாஸ்க்கிலிருந்து வெந்நீரை ஊற்றிக்கொண்டு, “ஆரம்பிங்க” என்றார். முதல் அத்தியாயம் ஓடியது. இரண்டாவதும் ஓடியது. மூன்றாவதற்கு வந்தபோது நெறியாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அந்த வரியைப் படிக்க வாயெடுத்தாள். ‘வெளிப்படை’ என்ற சொல் வரவில்லை. கையில் சாக்பீஸோடு நின்று தெரிந்தே தவறானதைச் சொல்ல அவளுக்குப் பழக்கமில்லை. இதைத் துணிச்சல் என்பது கொஞ்சம் அதிகம். தொழில் பழக்கம் என்பதே போதும்.

“இந்த லெமா தப்பு மேடம்” என்றாள். அழித்த உதாரணத்தை மறுபடி எழுதினாள்.

தேர்வாளர் தன் பிரதியைப் புரட்டி அவள் பக்கம் திருப்பினார். அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக்.

“நான் போட்டது” என்றார். “எப்பத் தெரிஞ்சுது?”

“இன்னைக்குக் காலையில.”

“சரி. இப்ப என்ன மிஞ்சும்?”

பலகையைப் பார்த்தபடி நின்றாள். தன்னையே நாலு தரம் பெருக்கினால் இரண்டு தருகிற நாலு மூலங்களில் இரண்டு மட்டும்தான் மேல் மாடிக்குள் இருக்கின்றன. மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தையும் சேர்த்து மாடியை அகலப்படுத்தினால் மற்ற இரண்டும் உள்ளே வந்துவிடும். அப்போது மாற்றத்தை உச்சிவரை ஏற்றலாம். மெதுவாகச் சொன்னாள். “அகலப்படுத்தின கோபுரங்களுக்கு அஞ்சாவது அத்தியாயம் நிக்கும். ஆறாவது போச்சு.”

தேர்வாளர் நெடுநேரம் எழுதினார். “பட்டத்துக்கு இன்னைக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. திருத்தி எழுதுங்க, மறுபடி வரேன். ஆறு மாசமாவது ஆகும்.” எழுந்தவர் வாசலில் நின்று, “அஞ்சாவது நல்லா இருக்கு” என்றுவிட்டுப் போனார். நெறியாளர் பின்னாலேயே ஓடினார்.

கணவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “பாஸா, ஃபெயிலா?”

“ரெண்டும் இல்ல.”

“காலேஜ்?”

“பருவம் முடிஞ்சதும் அனுப்பிடுவாங்க.”

அவர் பலகையை ஒருதரம் பார்த்தார். பிறகு, “பாதியில நிக்குற லிஃப்டை ஓடுதுன்னு கையெழுத்துப் போட்டா என்னைக் கம்பி எண்ண வச்சிடுவாங்க. வா, போலாம்” என்றார்.

வாசல்வரை போனவள் நின்றாள். அகலப்படுத்தினால் அஞ்சாவது நிற்கும் என்று சொல்லியாயிற்று. ஏன்?

“இருங்க, ஒரு நிமிஷம்.”

திரும்பிப் போய் சாக்பீஸை எடுத்தாள். அவளுடைய ஒரு நிமிஷம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். பையை இறக்கி வைத்துவிட்டு, இந்தமுறை முன்வரிசையில் உட்கார்ந்தார்.