நடுவில் போகிற சைக்கிள்

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. சம்பளம் கிடையாது, விடுப்பு கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை அதிகம். ஆனால் அதற்காக நான் பட்டுக்கொண்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அப்போது எனக்கு ஒன்பது வயது. நெதர்லாந்தில், அப்பாவின் ஆபீஸ் இருந்த ஒரு சின்ன ஊரில் நாங்கள் மூன்று பேரும் குடியிருந்தோம்.

அந்த ஊரில் ஞாயிறு என்றால் சைக்கிள்தான். கடைக்கும் ஸ்கூலுக்கும் சைக்கிளில் போவது தினமும் உள்ளது, அதைச் சொல்லவில்லை. ஞாயிறன்று எங்கும் போகவேண்டிய அவசியமில்லாமல், ஓட்டுவதற்காகவே ஓட்டுவார்கள். நாங்களும் ஓட்டினோம். அம்மா புளிசாதம் கிளறி டப்பாவில் போட்டுக்கொள்வாள். ஊரைத் தாண்டினால் வாய்க்கால், வாய்க்காலை ஒட்டிச் செந்நிறத்தில் ஒரு சைக்கிள் பாதை, இரண்டு பக்கமும் மேய்கிற மாடுகள். வானம் மட்டும் எப்போது பார்த்தாலும் கழுவாத ஈயப் பாத்திரம் மாதிரி இருக்கும்.

பாதை குறுகல், எதிரே வருகிறவர்கள் வேகமாக வருவார்கள். ஆகவே ஒருவர் பின் ஒருவராகத்தான் போகவேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம். முன்னால் அப்பா, நடுவில் நான், பின்னால் அம்மா. முன்னால் போகிறவர் பள்ளம், கல், எதிரே வண்டி என்று குரல் கொடுக்கவேண்டும். நடுவில் இருப்பவர் அதைப் பின்னால் சொல்லவேண்டும். கடைசியில் வருகிறவர் 'சரி' என்பார். அந்தச் சரியை நடுவில் இருப்பவர் முன்னால் கொண்டு சேர்க்கவேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து என்ன சேதி கிளம்பினாலும் சரி, பதில் குரல் வந்தால்தான் அது முடிந்ததாக அர்த்தம். இதையெல்லாம் அப்பா ஆபீஸ் நண்பர்களோடு ஓட்டப்போனபோது கற்றுக்கொண்டு வந்திருந்தார். நடுவில் இருப்பவர் தூங்கிவிட்டால் மூன்று பேருக்கும் ஆபத்து என்று என்னிடம் சொல்லியிருந்தார். ஒன்பது வயதுப் பெண்ணிடம் அப்படிச் சொன்னால் அவள் தூங்குவாளா?

அந்த வருஷம் என் வேலை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா தட்டைப் பார்த்தபடி, "குழம்புல உப்பு பத்தலைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார். அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். நான் திரும்பி, "அம்மா, உப்பு பத்தலையாம்" என்பேன். "டப்பா அங்கதான் இருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள். அதையும் சேர்ப்பேன். சேர்த்துவிட்டு, "சரி சொல்லுங்க" என்று அப்பாவிடம் கறாராக நிற்பேன். அவரும் சொல்லிவிடுவார். தபால்காரருக்காவது ஞாயிறு லீவு உண்டு, எனக்கு அதுகூட இல்லை என்று ஸ்கூலில் அலுத்துக்கொண்டதாக ஞாபகம். அலுப்பெல்லாம் வெளிவேஷம். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டை என் பெற்றோர் மற்ற நாட்களுக்கும் நீட்டித்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

அம்மா கல்யாணத்துக்கு முன்பு திருச்சியில் ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று அப்பா சொன்னதை நம்பி வேலையை விட்டுவிட்டு வந்தாள். இரண்டு வருஷம் முடிந்தபோது "இன்னும் ஒரு வருஷம்" என்றார் அப்பா. அதன் பிறகு வருஷா வருஷம் அதையே சொன்னார். முதலில் சத்தம் கேட்கும். கதவை மூடிக்கொண்டு பேசுவார்கள், அம்மா அழுவாள். பிறகு சத்தமும் நின்றுபோயிற்று. சண்டை தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஊர் ஸ்கூல்களில் கோடை லீவு நம் ஆடி மாதத்தில் வரும். லீவுக்கு ஊருக்கு வந்தோம். வழக்கமாக முசிறியில் அப்பா வீட்டில் பாதி நாள், ஸ்ரீரங்கத்தில் மாமா வீட்டில் பாதி நாள் என்று மூன்று பேரும் சேர்ந்தே இருப்போம். இந்த முறை அப்பா முசிறியிலேயே இருந்தார், அம்மா ஸ்ரீரங்கத்திலேயே இருந்தாள். யாராவது துணைக்கு வர, நான் பஸ்ஸில் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டிருந்தேன். வழியில் குணசீலத்தில் கூட்டம் இறங்கி ஜன்னலோர சீட்டும் கிடைத்துவிட்டால் எனக்கு வேறென்ன வேண்டும்?

மாமா அம்மாவுக்கு அண்ணன். அதிகம் பேசமாட்டார். அப்பா நெதர்லாந்துக்குத் திரும்புவதற்கு முந்தைய வாரம், அவரை ஸ்ரீரங்கத்துக்கு வரவழைத்து இட்லி போட்டு உட்காரவைத்துவிட்டு, மாமா தொண்டையைக் கனைத்தார்.

"மாப்பிள்ளை, அங்கதான் ஞாயித்துக்கிழமையானா சைக்கிள்ல கெளம்பிடுவீங்களாமே. இங்கயும் ஒரு நடை ரெண்டு பேரும் போயிட்டு வாங்களேன். மேலூர்ப் பக்கம் ரோடு நல்லாருக்கு. காத்தாட பேசிக்கிட்டே போங்க."

பேசிக்கொண்டே போவதா? எங்கள் சட்டம் பாவம் மாமாவுக்குத் தெரியாது. சைக்கிள் என்றால் இரண்டு பேர் தோளோடு தோளாக, கதை பேசிக்கொண்டு போவது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் காலத்தில் அப்படித்தான் போயிருப்பார்கள்.

அவரே சைக்கிள்களையும் தயார் செய்திருந்தார். அப்பாவுக்கு மாமாவின் பழைய சைக்கிள், பிரேக் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அம்மாவுக்கு மாமா பெண்ணின் சைக்கிள், பதினொன்றாம் வகுப்பில் ஸ்கூலில் இலவசமாகக் கொடுத்தது. இரண்டுதான். எனக்கு இல்லை.

"நீ இரும்மா, அக்காகூட விளையாடிட்டு இரு" என்றார் மாமா.

"நான் இல்லாம எப்படிப் போவாங்க? நடுவுல யாரு?" என்றேன்.

மாமா அம்மாவைப் பார்த்தார். அத்தை அடுப்படிக்குப் போனாள். நான் விடவில்லை. உதட்டைப் பிதுக்கி, காலை உதைத்து, கடைசியில் கீழ்வீட்டுப் பையனின் குட்டி சைக்கிளை வாங்கிவரச் செய்துவிட்டேன். அப்பாவோ அம்மாவோ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வருவதில் இரண்டு பேருக்குமே ஒரு நிம்மதி இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கிளம்பினோம். ஸ்ரீரங்கத்தின் சந்தடியைத் தாண்டி மேற்கே திரும்பியதும் ஆடிக்காற்று முகத்தில் அடித்தது. வலது பக்கம் கொள்ளிடம், தண்ணீரைவிட மணல்தான் அதிகம். இடது பக்கம் வாழைத்தோப்புகள். காற்றுக்குச் சாய்ந்துவிடாமல் ஒவ்வொரு வாழைக்கும் கம்பு முட்டுக் கொடுத்திருந்தார்கள். வண்ணத்துப்பூச்சிப் பூங்காவரை போய்த் திரும்புவது என்று திட்டம்.

முன்னால் அப்பா, நடுவில் நான், பின்னால் அம்மா. அந்தப் பக்கத்து வழி அப்பாவுக்குத் தெரியாது. அம்மா அங்கேயே பிறந்து வளர்ந்தவள், அந்த ரோடெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. பாதை பிரிகிற இடங்களில் அப்பா, "எந்தப் பக்கம்னு உங்கம்மாகிட்ட கேளு" என்பார். நான் கேட்பேன். "நேரா போகச் சொல்லு." சொல்வேன். ஒரு ஆட்டுமந்தை வந்தது. "ஆடு!" என்று அப்பா குரல் கொடுத்தார். "ஆடு!" என்றேன். "சரி" என்றாள் அம்மா. "சரி!" என்றேன். மேய்த்துக்கொண்டு போன அம்மாள் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். ஆடு ஆடு என்று கத்திக்கொண்டு ஒரு குடும்பமே போவதைப் பார்த்தால் யார்தான் நிற்கமாட்டார்கள்?

கொஞ்சதூரம் ஒரு சேதியும் இல்லை. அப்பாவின் சட்டை காற்றில் உப்பிக்கொண்டு முன்னால் போனது. பிறகு அவர், தலையைத் திருப்பாமலே பேசினார்.

"நாளைக்குள்ள ஏர்லைன்ஸுக்குச் சொல்லியாகணும். உங்க ரெண்டு பேர் டிக்கெட்டையும் கேன்சல் பண்ணிடவான்னு உங்கம்மாகிட்ட கேளு."

நீளமான சேதி. ஒரு எழுத்து சிந்தாமல் அதைப் பின்னால் கொண்டுபோனேன். காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. அப்பா சொன்னது நேராகவே அம்மாவின் காதில் விழுந்திருக்கும், என் தயவு வேண்டியிருந்திருக்காது. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மோட்டார் கொட்டகை வந்தது, போனது. வாழைத்தோப்பு முடிந்து வேறொரு தோப்பு தொடங்கியது. கேட்கவில்லையோ என்று நினைத்து, நான் மறுபடியும் முழுசாகச் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது அம்மா இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், எனக்கு முன்னால் போகிற முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. எதிர்காற்றில் எல்லோருக்கும் கண் கலங்கும், எனக்கும் கலங்கியிருந்தது.

"அவரா திரும்பி ஒரு தடவை கேக்க மாட்டாராமா?" என்றாள்.

இது சேதியா, இல்லை எனக்கு மட்டும் சொன்னதா? எனக்குத் தெரியவில்லை. 'உங்கப்பாகிட்ட சொல்லு' என்ற வார்த்தை அதில் இல்லை. அந்த வார்த்தை இல்லாவிட்டால் கொண்டுபோகக்கூடாது என்று நானாகவே ஒரு விதி வைத்திருந்தேன். ஆகவே கொண்டுபோகவில்லை. "என்ன சொல்லணும்?" என்று கேட்டேன்.

அம்மா இன்னும் கொஞ்சதூரம் மிதித்தாள்.

"பண்ணிடச் சொல்லு."

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! கேன்சல் என்றால் அடுத்த வாரம் ப்ளேன் இல்லை. ஸ்கூல் திறக்கிற அன்று நான் மட்டும் இங்கே மொட்டைமாடியில் மாமா பெண்ணோடு படுத்திருப்பேன். லீவு நீள்கிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா இல்லாமல் நீள்கிறது என்பது கணக்கிலேயே வரவில்லை. அவர் பின்னால் வந்து கூட்டிப்போவார், எப்போதும் அவர்தானே டிக்கெட் போடுவார்.

மணியை இரண்டு தடவை அடித்துவிட்டு, எதிர்காற்றுக்கு மேலே கேட்கவேண்டுமே என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"பண்ணிடச் சொல்றாங்கப்பா!"

அப்பா மிதிப்பதை நிறுத்தினார். சைக்கிள் தானாக உருண்டது. நிற்கப்போகிறார் என்று நினைத்து நானும் பிரேக்கில் விரலை வைத்தேன். அவர் நிற்கவில்லை. மறுபடி மிதிக்கத் தொடங்கினார். பதில் குரல் வரவில்லை.

வேலை பாதியில் நிற்கிறது. எனக்குப் பொறுக்குமா?

"அப்பா! சரி சொல்லலை நீங்க!"

காற்று வாழையிலைகளைப் போட்டுக் கிழித்துக்கொண்டிருந்தது.

"அப்பா! சரி சொல்லணும்!"

"சரி" என்றார்.

நான் திரும்பி, ஒரு குறையும் இல்லாமல், "சரியாம், அம்மா!" என்று சேர்த்தேன். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எங்கள் வீடு முடிந்தது. அம்மா பிறகு திருச்சியிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். நாங்கள் கே.கே. நகருக்குக் குடிவந்தோம். கோர்ட், கையெழுத்து எல்லாம் பின்னால் வந்தவை. அப்பா இப்போதும் அங்கேதான். சில ஞாயிறுகளில் வாய்க்கால் பாதையைப் படம் எடுத்து அனுப்புவார். படத்தில் அவர் இருக்கமாட்டார், பாதை மட்டும் நீளமாகப் போகும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். அம்மாவிடம் காட்டுவதில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு அழுகையெல்லாம் வரவில்லை. இவ்வளவு பெரிய சேதியை, இவ்வளவு காற்றில், ஒரு சொல் தவறாமல் இரண்டு பக்கமும் கொண்டுசேர்த்துவிட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினேன். யாராவது என்னைப் பாராட்டுவார்கள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

கொஞ்சதூரத்தில் ரோடு உடைந்து ஒரு பெரிய பள்ளம் கிடந்தது. அப்பா அதைச் சுற்றிக்கொண்டு போனார், குரல் கொடுக்கவில்லை. மறந்துவிட்டார்போலிருக்கிறது என்று, நானாகவே பார்த்து "பள்ளம்!" என்று பின்னால் கத்தினேன்.

"சரி" என்றாள் அம்மா.

அதை முன்னால் கொண்டுபோகலாம் என்று பார்த்தால், அப்பா வேகத்தைக் கூட்டி, குரல் எட்டாத தூரத்துக்குப் போயிருந்தார். பூங்கா வாசலில் எப்படியும் நமக்காக நிற்பார், அங்கே சொல்லிக்கொள்ளலாம் என்று, அந்தச் சரியை மறந்துவிடாமல் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு மிதித்தேன்.