படித்துறைக் கல்லுக்கு வார்த்த தண்ணீர்

நெருக்கடிநிலை விலக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு, மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் ‘தென்பெண்ணைக் கரை, குடும்பத்துடன்’ என்று இருக்கிறது. குடும்பமோ ஆற்றுக் குளியல் என்று நம்பித்தான் திருவண்ணாமலையில் காலை பஸ் ஏறியது. மனைவி சோப்பு டப்பா எடுத்துக்கொண்டாள். லீவுக்கு மெட்ராஸிலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணன், புதுத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஆற்றில் தண்ணீர் இருக்காது என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்த ஞாயிற்றைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே ஓர் இடிந்த மண்டபமும், அதிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் படித்துறையும் உண்டு. அடிப்படியில் ஒரு கல்வெட்டு. கோடையில்தான் வெளியே தெரியும். அந்தப் படித்துறையின் காலத்தைக் கணித்து ஒரு சிறு பத்திரிகையில் எழுதியிருந்தேன். நான் முன்னூறு ஆண்டுகள் தவறிவிட்டதாகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கார்டு போட்டார். பதில் எழுதினேன். ஐந்து கார்டுகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் அவருடைய கையெழுத்து அழகாகிக்கொண்டே போனது. கல்லில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் கிடைத்தால் எங்களில் ஒருவர் வாயை மூடலாம்.

எதிர்க்கரை வரை மணல் வெளுத்துக் கிடந்தது. மச்சான் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஆறு எங்க மாப்ள?”

மழை பெய்து அணை திறந்தால் வரும் என்றேன். அவர் துண்டைத் தலைக்குக் கட்டிக்கொண்டு மண்டபத்து நிழலுக்குப் போனார்.

கல்லைப் படியெடுக்கத் தேவையானவற்றை முதல் நாளே பட்டியல் போட்டு எடுத்துவந்திருந்தேன்: தாள், தூரிகை, மை, மை ஒற்றும் துணிப்பந்து. தாளை நனைத்துக் கல்லில் ஒட்டித் தூரிகையால் தட்டினால், எழுத்துப் பள்ளங்களுக்குள் அது இறங்கும். மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக நிற்கும். நனைக்கத் தண்ணீர் வேண்டும். அது மட்டும் பட்டியலில் இல்லை. ஆற்றுக்குத்தானே போகிறோம் என்று நினைத்திருக்கிறேன், வறண்ட ஆறு என்று தெரிந்துகொண்டே.

மனைவியின் பித்தளைக் கூஜா மண்டபத்துத் தூணோரம் இருந்தது. அவர்கள் இருவரும் ஊர்க்கதையில் இருந்தார்கள். கேட்காமல் எடுத்தேன். கல்லைக் கழுவவே பாதி போயிற்று.

உச்சிவேளையில் புளிசாதமும் மோர் மிளகாயும் சாப்பிட்டோம். மச்சானுக்கு விக்கியது. மனைவி கூஜாவைக் கவிழ்த்தாள்; ஒரு சொட்டு விழுந்தது. படியில் மினுங்கிக்கொண்டிருந்த ஈரத்தாளைப் பார்த்தாள்.

“அந்தக் கல்லுக்கா குடுத்தீங்க?”

தாள் சீக்கிரமே காய்ந்துவிட்டது. வெயில் அன்று எனக்குச் செய்த ஒரே உதவி. மை ஒற்றி, உரித்து மடியில் விரித்தேன். முதல் வரி முழுதும் மொழுமொழுவென்று கறுப்பாக இருந்தது. எத்தனையோ தலைமுறையாகத் துணி துவைத்த இடம். அரசனும் போய், ஆண்டும் போய், கீழே மூன்று வரி தெளிவாக மிஞ்சியிருந்தது.

“இன்னான்னு போட்டிருக்கு?” என்றாள்.

எழுத்து விளங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பேரைத் தாகத்தில் உட்காரவைத்துவிட்டு அதையும் செய்ய மனம் வரவில்லை. கோடையில் வழிப்போக்கருக்குத் தண்ணீர் வார்க்க யாரோ நிலம் எழுதிவைத்திருக்கிறார் என்றேன்.

மச்சானுக்கு விக்கல் நின்றுவிட்டது. மனைவி எழுந்து கூஜாவை எடுத்துக்கொண்டாள்.

“நெலம் எழுதிவெச்சவருக்கு வெயில்னா இன்னான்னு தெரிஞ்சிருக்கு.”

தூரத்தில் இரண்டு பெண்கள் மணலில் ஊற்று தோண்டிக் கொட்டாங்குச்சியால் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு போய்க் குந்தினாள். திரும்பிவர அரைமணிக்கு மேல் ஆயிற்று. அண்ணனுக்குக் கொடுத்தாள், தானும் குடித்தாள். பிறகு கூஜாவை என் பக்கம் நீட்டி, “கல்லுக்கு இன்னும் வேணுமா?” என்று கேட்டாள். அண்ணன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஆண்டு கிடைக்கவில்லை என்று தலைமையாசிரியருக்கு எழுதினேன். அதனால் நான் வென்றதாகிவிடாது என்று ஆறாவது கார்டு வந்தது. நான் அவருக்கு எழுத வைத்திருந்த வாக்கியம் அதுதான்.

அதற்குப் பிறகு எந்தக் கல்வெட்டைத் தேடிப் போனாலும் எங்களோடு இரண்டு கூஜா வந்தது. ஒன்றின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருப்பாள். அதை நான் தொடக் கூடாது.