கண் ஆஸ்பத்திரியில் கட்டை எழுத்து

எழுத்துக்காரர் என்றதும் கதை எழுதுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். எழுத்தையே வரைகிறவர். விளம்பரக்காரர்களும் அச்சகக்காரர்களும் வாங்கிப்போகும் எழுத்துருக்கள்தான் முப்பது வருடமாக அவர் பிழைப்பு. அதில் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது ஒன்றே ஒன்று. பழைய நாடகச் சுவரொட்டிகளில் பார்த்திருப்பீர்கள்: கோடு தடிமன், உடம்பு ஒடுக்கம், தலையிலும் காலிலும் கட்டை வைத்து அடித்த மாதிரி நெடுநெடுவென்று நிற்கும். அந்த வகை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவருக்கு இது வைரக் குஞ்சு. "பெரிய தலைப்புக்கு மட்டும். சின்ன அளவில் போடாதீர்கள், வாசிக்க முடியாது" என்று அதன் குறிப்பில் எழுதி வைத்தவரும் அவரேதான்.

கண் ஆஸ்பத்திரியில் அறைப் பலகைகள் செய்யக் கூப்பிட்டபோது அந்தக் குறிப்பு மறந்தா போயிற்று? இல்லை. ஒரு கட்டடம் முழுக்கத் தன் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்ற அற்ப ஆசை. "கொஞ்சம் நெருக்கமா இருக்கே சார்?" என்று இழுத்த மேலாளரை, "அழகுன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று வாயடைக்க வைத்துவிட்டார்.

அவருடைய அக்காவோ நடமாடும் தண்டோரா. கடைப் பெயரிலோ டீத்தூள் டப்பாவிலோ அந்த எழுத்தைக் கண்டால் போதும், பக்கத்தில் நிற்பவரைப் பிடித்துக்கொள்வாள்: "இது எங்க தம்பி போட்டது!"

அவளுக்குக் கண்புரை வந்தது. அவரே அந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அவர் சீட்டு வாங்கிக்கொண்டு வருவதற்குள் அக்கா பரிசோதனை அறையைத் தேடிப் போயிருந்தாள். வராந்தாவில் ஒரு பலகைக்குக் கீழே அண்ணாந்து நின்றிருந்தாள். எட்ட நின்று பார்த்தாள், கிட்டே போய்ப் பார்த்தாள், கடைசியில் எம்பி விரலால் தடவியும் பார்த்தாள். பிறகு கதவைத் தள்ளப் போனாள்.

காவலாளி ஓடிவந்தார். "அது மருந்து வைக்கிற ரூமும்மா, நீங்க போக வேண்டியது அடுத்த கதவு. இந்தப் போர்டு வந்ததுலேருந்து எனக்கு இதே பொழப்பு. சம்பளம் வாசலுக்கு, வேலை போர்டுக்கு! எல்லாம் கறுப்புக் கம்பியாத்தான் தெரியுதுங்கறாங்க. நேத்து ஒரு பெரியவர் டாக்டர் வருவாருன்னு, துடைப்பம் வைக்கிற ரூம்ல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாரு. கண்ணு தெரியாதவங்க வர்ற எடம்னு எழுதினவனுக்கு ஒரு நெனப்பு வேணாம்?"

சீட்டோடு வந்த எழுத்துக்காரர் காதில் அத்தனையும் விழுந்தது. தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். நாலு எட்டு வைத்து 'நான்தான்' என்று சொன்னால் முடிந்தது, கால் வரவில்லை. எங்கே அக்கா வழக்கம்போல் ஆரம்பித்துவிடுவாளோ என்று வேறு கூசிப்போய் நின்றார்.

"யாரோ பாவம், தெரியாம பண்ணியிருப்பாங்க" என்றாள் அக்கா.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தூணை விட்டு வெளியே வந்தார்.

"தெரியாம இல்லக்கா. தெரிஞ்சேதான் பண்ணேன்."

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "யாரும்மா இவரு?"

ஊரெல்லாம் கேட்காமலே சொன்னவள், அன்றைக்குக் கேட்டும் சொல்லவில்லை. தம்பியின் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு அடுத்த கதவுக்கு நடந்தாள்.