கறிக்கடை இடியும் கழுத்துச் சுரப்பியும்

கறிக்கடைக்காரனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. ஊருக்கு அவன் இடி. வாய் திறப்பதற்குள் கை முந்திக்கொள்ளும். எடை குறைகிறது என்று சொன்ன ஒருவனின் பல்லைத் தராசுத் தட்டிலேயே உதிர்த்தவன். சென்ற மாதம் கடை வாசலை அடைத்து வண்டி நிறுத்திய டிரைவரை ஓங்கிக் குத்தினான். டிரைவருக்குக் கன்னம் வீங்கியது. முறிந்தது என்னவோ இடியின் வலது மணிக்கட்டு.

எக்ஸ்ரேயில் எலும்பு சல்லடையாகத் தெரிந்ததும் டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார். கால்சியம் எக்கச்சக்கம். தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி போல நாலு சுரப்பிகள் உண்டாம். அதில் ஒன்று அடங்காமல் எலும்பைச் சுரண்டி ரத்தத்தில் கொட்டுகிறதாம்.

"அறுத்து எடுத்துடலாம். அதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்கப் போற சிறுநீரை இந்தக் கேன்ல பிடிங்க. சில பேருக்குப் பிறவியிலேயே ரத்தத்துல கால்சியம் ஏறி நிக்கும், சிறுநீர்ல மட்டும் கம்மியா இருக்கும். அவங்க கழுத்தை வெட்டிப் புண்ணியமில்ல."

"இது போனா கோவமும் போயிடுமா டாக்டர்?" என்றாள் மனைவி.

"எரிச்சல் கொஞ்சம் குறையலாம்மா. அடிக்கிற கை அவரோடது."

வெளியே வந்ததும் அவள் நின்றாள். "இனிமே யாரு மேலயாவது கை வச்சீங்கன்னா நான் இருக்க மாட்டேன்."

இடி கேனைக் கடைக்கே கொண்டுபோய்க் கறிக்கட்டைக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடினான். மத்தியானம் அதைப் பார்த்துவிட்டான் மச்சான். மனைவியின் தம்பி, கடையில் தோலுரிப்பவன்.

"என்ன மாமா, புதுச் சரக்கா? லிட்டர் என்ன விலை?"

வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். இடியின் இடது கைக்கு அகப்பட்டது அந்தக் கேன்தான். வீசினான். விளிம்பு பட்டு மச்சானின் புருவம் பிளந்தது. மூடி தெறித்தது. ரத்தமும் மூத்திரமும் தரையில் ஒன்றாக ஓடின. அதோடு விட்டானா? விழுந்தவனின் விலாவில் ஏறி மிதித்தான். உள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்ட பிறகே கால் நின்றது. நாள்தோறும் எலும்பு வெட்டுகிறவனுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

"அக்காகிட்ட படிக்கட்டுல விழுந்தேன்னு சொல்லிக்கிறேன்," என்றான் மச்சான், மூச்சு வாங்க.

மிச்ச நாளுக்குப் பிடித்ததை மட்டும் இடி ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்தான்.

ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மாவின் நெற்றி சுருங்கியது. "சிறுநீர்ல கால்சியம் கம்மி. இதை மட்டும் பார்த்தா பிறவிக் கோளாறு, ஆபரேஷன் வேணாம்னு சொல்லியிருப்பேன். ஆனா உடம்பு தினமும் ஒரே அளவுல கழிக்கிற கிரியேட்டினினும் பாதிதான் இருக்கு. மீதிச் சிறுநீர் எங்க?"

சொன்னால் மனைவி போய்விடுவாள். சொல்லாவிட்டால் கழுத்தில் கத்தி விழாது, எலும்பு ஒவ்வொன்றாக நொறுங்கும்.

"கொட்டிடுச்சு... கை தவறி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மெல்லத் திரும்பினாள். "என் தம்பி நெத்தியிலயா தவறுச்சு?"

மாவுக்கட்டுப் போட்ட கை தானாக எழுந்தது. அவளுடைய முகத்துக்கு நேரே எழுந்ததை மூன்று பேரும் பார்த்தார்கள். அவள் விலகவில்லை.

"டாக்டர், இன்னொரு கேன் குடுங்க, அவரே பிடிச்சுக்குவாரு. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட அவரு அண்ணனை வரச் சொல்லுங்க. நான் என் தம்பி வீட்டுக்குப் போறேன்."

கதவு சாத்திக்கொண்டது. இடி எழப் பார்த்தான்.

"உக்காருங்க," என்றார் டாக்டரம்மா. "காலையில முதல் தடவை போறதை விட்டுடுங்க. அதுக்கப்புறம் மறுநாள் காலை வரைக்கும் ஒரு சொட்டு வெளிய போகக்கூடாது. புரிஞ்சுதா?"